எண்பது வெள்ளிக் கோல்

“பாய், இத வித்துரலாம்னு இருக்கேன். நீங்க பாத்து ஒரு விலை சொல்லுங்க.”

சுப்பிரமணியம் துணிப்பையிலிருந்து கோலை உருவி ஸ்னூக்கர் மேஜைமேல் வைத்ததும், ஈசா கையிலிருந்த தேநீர் கிளாஸைக் கீழே வைத்தார்.

பிரிஞ்சாங் மலையூரில் பழைய ஸ்னூக்கர் கோலை யார் விற்றாலும், யார் வாங்கினாலும், ஈசாவிடம்தான் விலை கேட்பார்கள். கீழே அவருக்குச் சாப்பாட்டுக் கடை. மாடியில் இரண்டு மேஜை போட்ட ஸ்னூக்கர் கூடம். இருபது வருஷமாக அவர் சொன்ன விலைக்கு பக்கத்து ஊரான ரிங்லெட் வரைக்கும் மறுபேச்சு கிடையாது.

ஆனால் இது சாதாரணக் கோல் இல்லை. ஆறு தீபாவளிப் போட்டிகளில் ஆறு கப்பைத் தூக்கிக்கொண்டு போன கோல். ஆறு தடவையும் இரண்டாவதாக வந்தவர் ஈசா.

அவர் கூடம், அவர் மேஜை, அவர் காசில் வாங்கிய கப். தேயிலை ஃபேக்டரியில் இலை காயவைக்கிற இந்தச் சுப்பிரமணியம், தன்னைவிடப் பத்து வயது சின்னவன், வருஷா வருஷம் வந்து அள்ளிக்கொண்டு போனால் வயிறு எரியுமா, எரியாதா? ஈசாவுக்கு எரிந்தது. ஆறு வருஷமாக அணையவே இல்லை.

“எல்லாம் அந்தக் கோலோட வேலை” என்று மனைவி சபிஹாவிடம் சொல்லிச் சொல்லித்தான் அவருக்குச் சோறு இறங்கியது. அப்படிச் சொன்னாரே தவிர, ஒரு நாளும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஜெயித்தவனிடம் போய்க் கோலைக் காட்டு என்று கேட்க, அவர் என்ன அவ்வளவு இறங்கிப் போனவரா?

“ஏன் விக்கிற?”

“தோள்பட்டை போயிருச்சு பாய். இனிமே ஆடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு.”

ஈசா முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார். மனசுக்குள் குத்தாட்டம் நடந்துகொண்டிருந்தது.

கோலை எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடி, துப்பாக்கி பிடிப்பதுபோல் நீளவாட்டத்தில் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. அடியைத் தரையில் தட்டிக் காது கொடுத்தார். மரம் நல்ல கெட்டி. மேஜைமேல் உருட்டினார். வளைந்த கோலென்றால் முனை தத்தும். இது சத்தமில்லாமல் ஓடியது.

இந்த மலைப் பனியும் ஈரமும் எந்தக் கோலையும் இரண்டு வருஷத்தில் வளைத்துவிடும். இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறதே.

அறுநூறு வெள்ளிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வருகிற தீபாவளிக்கு இது தன் கையில் இருந்தால் கப் வேறெங்கே போகும்?

“லேசா வளைஞ்சிருக்கு” என்றார்.

சுப்பிரமணியத்தின் முகம் சுருங்கியது. “இன்னுமா பாய் வளைவு இருக்கு?”

“உன் கண்ணுக்குத் தெரியாதுலா. முனையில வெடிப்பு வேற. மரமும் கிழடாயிருச்சு. பழகின ஆளுன்னு சொல்றேன், எண்பது வெள்ளி. வேற எவனும் அம்பதுகூட குடுக்க மாட்டான்.”

இருபது வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய் விலை அதுதான். நாக்கு கொஞ்சமும் கூசவில்லை.

“நெசமா எண்பது தேறுமா பாய்?”

பேரத்துக்கு அடி போடுகிறான் என்று நினைத்தார் ஈசா. குரலை இறுக்கிக்கொண்டார்.

“அதுக்கு மேல ஒரு காசு தேறாது. நானே எடுத்துக்கறேன்.”

நான்கு இருபது வெள்ளித் தாள்களை மேஜைமேல் வைத்தார். சுப்பிரமணியம் அதைத் தொடவில்லை. கோலின் அடியில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை நகத்தால் கிளப்பி, மெல்ல உரித்தான். மரத்தில் சூடு வைத்த எண் ஒன்று தெரிந்தது. ஏழு. பக்கத்தில் ஒரு பிறை.

அந்தப் பிறை ஈசா வைத்த சூடு. துரைமார் கிளப்பை மூடியபோது ஏலத்தில் எடுத்த எட்டுக் கோல்களிலும் அவர் போட்ட அடையாளம்.

“ஏழு வருசத்துக்கு முந்தி, வில்லு மாதிரி வளைஞ்சு போச்சுன்னு கடைக்குப் பின்னால விறகோட போட்டிருந்தீங்க. எடுத்துக்கவான்னு கேட்டேன். அடுப்புக்குக்கூட ஆகாது, கொண்டு போன்னீங்க. மறந்துட்டீங்களா?”

ஈசா அந்தப் பிறையை விரலால் தடவினார். “எப்படிடா நிமித்தின?”

“ஃபேக்டரியில இலை காயுற மெசினுக்குப் பக்கத்துல, உத்தரத்துல கட்டி, கீழ செங்கல்லத் தொங்கவிட்டேன். அந்தச் சூட்டுல தினம் ஒரு திருப்பு. நிமிர ஒரு வருசம் ஆச்சு. இன்னும் லேசா வளைவு இருக்குங்கறீங்க. என்னால முடிஞ்சது அவ்வளவுதான் பாய்.”

“இத்தன வருசம் ஏன் சொல்லல?”

“கப்பக் கையில வச்சிக்கிட்டு, இது பாய் தூக்கிப் போட்ட கோல்னு எல்லார் முன்னாலயும் சொன்னா நல்லாவா இருக்கும்? அதான் டேப்பச் சுத்திட்டேன்.”

சுப்பிரமணியம் நான்கு தாள்களையும் மடித்து ஈசாவின் சட்டைப் பையிலேயே வைத்தான்.

“ஈப்போக்காரர் ஒருத்தர் போன வாரம் அறுநூறு தர்றேன்னாரு. உங்க கோல நான் எப்படி இன்னொருத்தருக்கு விக்கிறது? உங்ககிட்டயே குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

“அப்பறம் எதுக்கு என்கிட்ட விலை கேட்ட?”

சுப்பிரமணியம் கூச்சத்தோடு சிரித்தான்.

“அடுப்புக்கு ஆகாதுன்னு சொன்ன வாயால ஒரு விலை கேக்கணும்னு ஆசை பாய். அந்த ஈப்போக்காரர் சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லியிருப்பாரு. நீங்க பொய் விலை சொல்ல மாட்டீங்க. எண்பது வெள்ளின்னுட்டீங்கல்ல, எனக்கு அது போதும்.”