கேட்டில் கழற்றிய பெல்ட்

“கழட்டு” என்றாள் செல்லக்கனி.

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி கேட்டில், வேலைக்கு வரும் பெண்களைத் தடவிச் சோதனை போட்டு உள்ளே விடுவது அவள் வேலை. மாரிசெல்வியின் வயிற்றுக்கு வந்ததும் அந்தக் கை நின்றுவிட்டது.

“யக்கா, இது வயித்து பெல்ட்டு. டாக்டரம்மா போடச் சொல்லிருக்காக.”

இரண்டாவது பிரசவம் முடிந்து ஆறு மாதம். வயிற்றுத் தசை நடுவில் பிரிந்து, மூன்று விரல் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி. தினமும் பயிற்சி செய், வேலை நேரத்தில் பெல்ட் போடு, சேர்ந்துவிடும் என்று விருதுநகர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். பெல்ட் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மாரிசெல்விக்கு இடுப்பு விட்டுப்போகும். தீபாவளி சீசனில் நாலு நாள் வராவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும்.

எல்லாவற்றையும் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். செல்லக்கனி அசையவில்லை.

“நைலான். உள்ள நாலு கம்பி வேற. வெடிமருந்து ரூமுல இது ஒரசி ஒரு பொறி பறந்தா உன் வயிறு மட்டுமா போகும்? கழட்டு.”

இவளும் பிள்ளை பெற்றவள்தானே என்று வரிசையில் நின்றவர்கள் காதுபடவே முணுமுணுத்தார்கள். மாரிசெல்வி கழற்றிக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் சுவரில் சாய்ந்துதான் வேலை பார்க்க முடிந்தது.

சாயங்காலம் பெல்ட்டைக் கேட்டதற்கு, நாளைக்கு வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு செல்லக்கனி கிளம்பிவிட்டாள். கம்பெனி வேனில் அன்றைக்கு அவளைத் திட்டாத வாய் இல்லை. தன் மகளுக்குக் கொடுக்க அமுக்கிக்கொண்டாள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். மாரிசெல்வியும் திட்டினாள், அழுதுகொண்டே.

மறுநாள் பெல்ட் கிடைத்தது, தையல் பிரித்துத் துண்டு துண்டாக.

“உள்ள எப்படித் தச்சிருக்கான்னு பாக்கணும்லா” என்றபடி செல்லக்கனி மாரிசெல்வியைத் தட்டி மறைப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

செல்லக்கனி கையில் ஒரு துணிப்பட்டை. பழைய வேட்டியைப் பல மடிப்பாக மடித்து நெருக்கித் தைத்தது. கம்பி கிடையாது, முடிவதற்கு நாடா. வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு, மூச்சு விட முடிகிறதா என்று கேட்டாள். முடிந்தது.

“முழுக்கப் பருத்தி. உள்ள போ.”

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு மாரிசெல்வி சாயங்காலம் வரை நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

காலையில் பயிற்சி, பகலில் கட்டு என்று மூன்று மாதம் ஓடியது. டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஒரு விரல்கூட முழுசாக உள்ளே போகவில்லை. ஜெயித்துவிட்டாய் என்று அவரே கைகொடுத்தார்.

மறுநாள் கேட்டில் அத்தனை பேர் முன்னாலும் மாரிசெல்வி அதைச் சத்தமாகச் சொன்னாள். வேனில் திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டாள். செல்லக்கனி அவள் வயிற்றை மட்டும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அடுத்த வாரம் செல்லக்கனி ஒரு பெரிய பையோடு வந்தாள். உள்ளே அதே மாதிரி பதினோரு கட்டு.

“இம்புட்டும் யாருக்குக்கா?” என்றாள் மாரிசெல்வி.

செல்லக்கனி வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தாள்.

“பதினாறு வருசமா இவளுக வயித்தத் தடவித்தான உள்ள விடுறேன். எவளெவளுக்குப் பிரிஞ்சு கெடக்குன்னு என் கைக்குத் தெரியும். அது சேரும்னுதான் தெரியாம இருந்துச்சு.”