பாம்புக்கு எங்கே இலை போடுவது?

"பெருமாள் சத்தியமா சொல்றேன், ஒரு வார்த்தை பொய் இல்லை. அது சாப்பிடறப்ப வேத்து ஆள் பாத்தா, தின்னது பூராவையும் கக்கிடும்!" என்றாள் ஸ்வர்ணா கணவரிடம்.

ஆபீசில் ஒய்டூகே என்ற கம்ப்யூட்டர் பூதத்தையே அடக்கிக்கொண்டிருந்த சந்தானம், கலிஃபோர்னியாவில் சான் ரமோன் வீட்டில் மகள் அஞ்சனாவின் செல்லப் பாம்பிடம் தோற்றுக்கொண்டிருந்தார். அவள் காலேஜ் போய்விட்டாள். பாம்புத் தொட்டி மட்டும் கராஜில், மேலே துண்டு போர்த்தியபடி. அந்தத் துண்டைத் தூக்கிப் பார்க்கும் தைரியம் அவருக்கு ஏழு ஜென்மத்துக்கும் கிடையாது.

"இது ஆசாரமான வீடுடி. எலியை உள்ள கொண்டு வராதே. பேக்யார்டுல வெச்சுப் போடு."

"குளிர்ல அதுக்கு ஜீரணம் ஆகாது."

"அப்போ பெட் ஷாப்ல குடுத்துடலாம். நாளைக்கே டிரைவ் பண்ணிக் கொண்டு விடறேன்."

ஸ்வர்ணா புடவையை இழுத்துச் செருகினாள். "கல்யாணம் ஆன நாளா உங்காத்து ஆசாரம் அத்தனைக்கும் தலையாட்டியாச்சு. இதுக்கு ஆட்ட மாட்டேன். கராஜ்லதான் போடுவேன், கதவைச் சாத்திண்டுதான் போடுவேன். பாம்பு போனா நானும் போறேன். இட்லிக்கு அரைக்க வேற ஆள் பாத்துக்கோங்கோ!"

சந்தானம் இறங்கி வந்தார். "சரி, கராஜ். ஆனா சனிக்கிழமை வேண்டாம். பெருமாளுக்கு உகந்த நாள்."

"ஞாயித்துக்கிழமை."

ஞாயிறு மத்தியானம் ஸ்வர்ணா சூடான காகிதப் பையோடு வந்து இறங்கினாள்.

"என்னடி, எலி மிளகு வாசனை அடிக்கறது?"

"கலிஃபோர்னியா எலி. எந்த ஹோட்டல்ல வளர்ந்துதோ!"

"எலுமிச்சம்பழம் எதுக்கு?"

"நாத்தம் போக."

கதவு சாத்திக்கொண்டது. சந்தானம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே காவல் நின்றார். பாம்பு மிரண்டுவிடக் கூடாதே என்று தும்மலைக்கூட அடக்கினார்.

ஒருவழியாக ஸ்வர்ணா வெளியே வந்தாள்.

"சாப்பிட்டுதா?"

"எலும்பைத் தவிர ஒண்ணும் மிச்சமில்லை."

அன்றைக்கு மோர்சாதம்கூட வேண்டாமென்றுவிட்டாள். கண்ட கர்மத்தையும் தொட்ட அருவருப்பில் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, பாவம், என்று சந்தானம் உருகிப்போனார்.

காலேஜுக்குக் கிளம்பும் முன்பே அஞ்சனா அந்தப் பாம்பைப் பள்ளிக்கூட பயாலஜி டீச்சரிடம் கொடுத்துவிட்டாள். கார் ஓட்டிக்கொண்டு போனது அவள் அம்மாதான்.