கேட்டதற்கு மட்டும் பதில்

சிறை நூலகத்தில் ஒரு மேசையைக் காலி செய்து, இந்தப் பக்கம் யாத்விகாவை உட்காரவைத்தார்கள். அந்தப் பக்கம் விதாவ்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அவன் கைதாகிப் பதினாறு மாதம் கழித்துப் பார்க்கிறாள். மொட்டைத் தலை. கறுப்பு உடுப்பு. நெஞ்சில், அரசை எதிர்த்துப் பேசியவர்களுக்கென்று தைக்கிற மஞ்சள் பட்டை.

"பதிவாளர் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லணும்," என்றான் காவலுக்கு நின்ற லெப்டினென்ட். "வேற ஒரு வார்த்தை வந்தாலும், அப்புறம் இருக்கிற பத்து நிமிஷச் சந்திப்பு கிடையாது."

விதாவ்த் தலையாட்டினான். தரையைப் பார்த்துக்கொண்டே ஆட்டினான்.

இந்த மனிதன் யார் பேச்சுக்கும் இப்படித் தலையாட்டி அவள் பார்த்ததில்லை.

க்ரோத்னோ நகரில் முப்பது வருடம் டிராலிபஸ் ஓட்டியவன். ஓட்டினான் என்பதைவிடப் பேசினான் என்பதுதான் சரி. நிறுத்தத்தின் பெயரை மட்டும் ஒலிபெருக்கியில் சொன்னால் போதும் என்பது விதி. அவனுக்குப் போதாது.

"அடுத்தது ரொட்டிக்கடை நிறுத்தம். ரொட்டி தீந்துபோச்சு. வரிசை மட்டும் இருக்கு, ஆசைப்படறவங்க இறங்கி நிக்கலாம்."

வண்டியே சிரிக்கும். கடைசி இருக்கையில் நெசவாலை வேலைக்குப் போகிற யாத்விகாவும் சிரிப்பாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் தன் நிறுத்தத்தில் இறங்காமல் போன நாட்கள்தான் அதிகம். கடைசி நிறுத்தத்தில் கண்ணாடியெல்லாம் பனி படர்ந்திருக்க, வண்டியில் அவர்கள் இருவர் மட்டும். அவன் தன் பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுப்பான். அப்போதும் பேசிக்கொண்டே ஊற்றுவான். பாதி அவள் கையுறையில் போகும்.

ஈரக் கம்பளிக் கையுறையும் தேயிலையும் கலந்த அந்த மணம் எங்கே வந்தாலும் அவளுக்கு இருபத்திரண்டு வயதாகிவிடும்.

இப்போது இந்த அறையில் பழைய புத்தகங்களும் பினாயிலும்தான் மணத்தன.

அவன் சிறைக்குள் வந்ததே பேச்சால்தான். புதிய ரொட்டி ஆலையை மாவட்டத் தலைவர் நாடா வெட்டித் திறந்துவைத்த படம் போனில் வந்தது. அதன் கீழே அவன் எழுதினான்: 'ரொட்டி புதுசு. வெட்டறவர்தான் பழசு.'

இரண்டு வாக்கியம். இரண்டரை வருடம்.

கடிதம் எழுதினாள். திரும்பி வந்தது. பன்றிக்கொழுப்பும் காலுறையும் பொட்டலம் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தாள். அதையும் ஜன்னல் வழியே திருப்பித் தள்ளினார்கள். ரத்த உறவு அல்லது மனைவி. வேறு யாருக்கும் அனுமதி இல்லை. அவனுக்கு அம்மா அப்பா இல்லை, பிள்ளை குட்டி இல்லை.

அப்படியென்றால் மனைவியாகிவிடுகிறேன் என்று அன்றைக்கே விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போனாள்.

பதிவாளர் இளம்பெண். ஜலதோஷம் வேறு. மூக்கைத் துடைத்துக்கொண்டு மளமளவென்று கேட்டாள்.

"விதாவ்த் காலெஸ்னிக், உங்க விருப்பத்தோடதான் இந்தக் கல்யாணம் நடக்குதா?"

"ஆமா."

அவ்வளவுதான். தட்டையாக, தூசு படிந்தது போல ஓர் 'ஆமா'. யாத்விகா அவன் உதட்டையே பார்த்தாள். ஏதாவது வரும், ஓரத்தில் ஒரு சுழிப்பாவது வரும் என்று பார்த்தாள். வரவில்லை. எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். முடியை எடுத்ததுபோல அதையும் எடுத்துவிட்டார்கள்.

"யாத்விகா... உங்களுக்கு?"

"சம்மதம்."

"முன்னாடி கல்யாணம் ஆனதா?"

"ஆனது. ரத்தாயிடுச்சு. ஏழு வருஷம் ஆகுது."

"அந்தக் கணவர் பேர்?"

"விதாவ்த் காலெஸ்னிக்."

பேனா நின்றது. "மாப்பிள்ளை பேரைக் கேக்கலைம்மா. விட்டுட்டு வந்தீங்கல்ல, அவர் பேரைச் சொல்லுங்க."

"அதைத்தான் சொல்றேன்."

பதிவாளர் அவளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். லெப்டினென்டைப் பார்த்தாள்.

விதாவ்த் தொண்டையைச் செருமினான்.

"அந்த ஆளுக்கு வாய் சரியில்லைன்னு தள்ளி வெச்சுட்டாங்க மேடம். நான் அமைதியானவன். அதான் என்னைக் கட்டிக்கிறாங்க."

பதிவாளருக்குத் தும்மல் மாதிரி ஏதோ வந்தது. கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வாய் சரியில்லை. அன்றைக்கு நீதிபதி காரணம் கேட்டபோது யாத்விகா சொன்ன வார்த்தை அதுதான். பேசிப் பேசியே வேலைக்கு உலை வைத்துக்கொள்கிறார், இந்த வாயோடு குடித்தனம் நடத்த முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

"சந்திப்பு ரத்து," என்றான் லெப்டினென்ட். "கையெழுத்துப் போடச் சொல்லி கூட்டிட்டுப் போங்க."

அவன் குனிந்து கையெழுத்திட்டான். நிமிரும்போது அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். கதவைச் சாத்தினார்கள்.

வெளியே, பொட்டல வரிசையில் நின்ற பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி தோளைத் தொட்டுக் கேட்டாள், பார்க்க விட்டார்களா என்று.

"விடலை," என்றாள் யாத்விகா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரிப்பை அடக்க முடியவில்லை. "பேசிட்டார்."