கூட்டம் சேர்த்துக்கொண்ட புரதம்

ஆய்வுக்கூடத்தில் ஒரு குட்டிப் பாட்டில் இருந்தது. அதற்குள் சீக்காளிக் கன்றுக்குட்டி ஒன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு துளி. கன்றுக்கு என்ன நோய் என்பது அந்தத் துளியில் இருந்த ஒரேயொரு புரதத்துக்குத்தான் தெரியும். அதுவோ இத்துனூண்டு. அதனால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"எடை பார்த்தே யாருன்னு சொல்ற மிஷின் கண்ணுல நான் படலேன்னா கன்னுக்கு மருந்தே கிடைக்காதே!"

"அந்த மிஷின் எறும்பு விட்ட மூச்சையும் எடை போடும், தங்கச்சி. பேசாம என் வழியா வா" என்றது, கலந்திருப்பதைப் பிரித்து அனுப்பும் குழாய்.

புரதத்துக்கு மனசு ஆறவில்லை. அந்த நேரம் பார்த்து, உறை போடாத யாரோ ஒருவர் கையிலிருந்து உதிர்ந்த தோல் துகள் பாட்டில் வாயில் வந்து உட்கார்ந்தது.

"தனியாப் போனா யாரு மதிப்பா? நானும் வரேன். எங்க சனம் ஏகப்பட்டது."

"வாங்கண்ணே, வாங்க!" என்றது புரதம்.

குழாயின் மறுமுனையில், மிஷின் வாசலில், தோல் துகளின் சனத்தால் ஒரே நெரிசல். பெரிய கூட்டத்தை முதலில் பார்ப்பதுதான் மிஷினின் வழக்கம்.

"நானும் இருக்கேன்!" என்று கத்தியது புரதம்.

"இவங்க முடியட்டும், இரு" என்றது மிஷின். அவர்கள் முடிவதற்குள் துளியே தீர்ந்துவிட்டது.

திரையில் முடிவு வந்தது: மனிதத் தோல்.

"கன்னுக்குட்டிக்கு ஏது மனுசத் தோலு?" என்று தலையில் அடித்துக்கொண்ட டாக்டர், எழுந்திருக்கவும் முடியாத கன்றிடம் மறுபடியும் ரத்தம் எடுக்க ஊசியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கழிவு ஜாடிக்குள் புரதம் விம்மியது.

"எதுக்கு அழுற?" என்று தட்டிக்கொடுத்தது தோல் துகள். "நம்ம பேருதான் திரை முழுக்க வந்திருக்கே!"