வேல்பாண்டியின் விமானத்துக்கு என்ன கலர்?

"இது இல்ல தம்பி. இது கரண்ட் கம்பத்துப் பெட்டிக்குப் பூசுற சாம்பலு. ஏரோப்ளேனுக்குச் சேராது."

மாரிக்கனி பெயிண்ட் பூசிய அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். ராஜபாளையத்தில் கார்களில் கீறலை மறைக்க டச்சப் பெயிண்ட் கலந்து கொடுக்கிற சூர்யபிரகாஷுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. புதுக் கார் வாங்கி மறுநாளே கீறல் போட்டவன்கூட அவனை இப்படிப் படுத்தியது கிடையாது.

"யக்கா, ஒரு முழ நீளத்துல பிளாஸ்டிக் பொம்மை. அதுக்குப் போயி..."

"பொம்மைன்னு சொல்லாத. மிக் போர் விமானம். பட்டாளத்துல இருந்த வரைக்கும் எங்க வீட்ல அவிய இந்த விமானத்துக்குத்தான் பெயிண்ட் அடிச்சாவ."

"அட, அப்போ அவரையே கேட்டுட்டு வர வேண்டியதுதான? எதுக்கு என் உசுர வாங்குதீய?"

மாரிக்கனிக்கு முகம் சுண்டிப்போனது.

அவள் புருஷன் வேல்பாண்டி, விமானப்படையில் பெயிண்ட் பிரிவில் இருந்துவிட்டு சோழபுரத்துக்குத் திரும்பியவர். பொங்கல் முடிந்த கையோடு பக்கவாதம் வந்து படுத்தார். கை கால் தேறிவிட்டது. பேச்சும் வரும், கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். ஒரு கல்யாண வீட்டில் அந்தக் குழறலைக் கேட்டு எந்தப் புண்ணியவானோ சிரித்துத் தொலைத்தான். அன்றைக்கு மூடிய வாயை மனுஷன் திறக்கவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட விரலைத்தான் காட்டுகிறார்.

"பேசப் பேசத்தான் நாக்கு வசப்படுமாம். இப்படியே விட்டா பொறவு நெனச்சாலும் பேச முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி. அவிய வாயத் தொறக்கணும். அதுக்குத்தான் இந்த ஏரோப்ளேன வரவழைச்சு நானே ஒட்டிச் சேத்தேன். இதோட அசல் கலரு எதுன்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

சூர்யபிரகாஷ் குரலைத் தணித்துக்கொண்டான். "நெட்ல பாத்தேன்க்கா. வெயில்ல எடுத்த படத்துல ஒரு கலரு, நிழல்ல எடுத்ததுல ஒரு கலரு. போன் வெளிச்சத்தக் கூட்டினா அதுவும் மாறுது. எதை நம்பிக் கலக்க? அசல் தகடு ஒரு துண்டு கொண்டாங்க, அச்சு அசலா நான் கலந்து தாரேன்."

விமானத் தகட்டுக்கு எங்கே போவது? மாரிக்கனி நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே பாண்டிதுரை இருந்தார். வேல்பாண்டியிடம் வேலை கற்று, அவருக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்.

"யாரு, மதினியா? வாங்க வாங்க! அண்ணாச்சி எப்படி இருக்காவ? இன்னும் பேசலையா?"

மாரிக்கனியின் கண் சுவரில் நின்றுவிட்டது. ஆயுசு முடிந்த ஒரு மிக் விமானத்திலிருந்து வெட்டிய தகடு, மரச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. பணி ஓய்வு அன்று கூட்டாளிகள் கொடுத்தது, பாண்டிதுரையின் பெயரோடு.

"அதக் கழட்டு தம்பி."

"என்ன மதினி இது, அநியாயமா இருக்கு! அதுவுமில்லாம எம்புட்டு வெயில் பட்டிருக்கும்? வெளுத்துல்ல கெடக்கு."

"சட்டத்துக்குள்ள போன ஓரம் வெளுத்திருக்காதுல்லா? உங்க அண்ணாச்சி பேசணுமா, வேண்டாமா?"

பாண்டிதுரை ஸ்க்ரூ டிரைவர் தேடிப் போனார்.

கழற்றியதும், சட்டம் மறைத்திருந்த ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு, பூசிய அன்றைக்கு இருந்த மாதிரியே நிறம் இருந்தது. அதைத் தன் கையை விட்டு அனுப்ப அவருக்கு மனசில்லை. துண்டில் சுற்றிக்கொண்டு அவரும் கூடவே பஸ் ஏறினார்.

ராஜபாளையத்துக் கடை வாசலில், நல்ல வெளிச்சத்தில் வேலை ஆரம்பித்தது. சூர்யபிரகாஷ் வெள்ளையில் கறுப்பு விட்டான், நீலம் விட்டான். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். அதனால் ஒவ்வொரு அட்டையையும் காயவைத்துத்தான் தகட்டோடு சேர்த்துப் பார்க்க முடிந்தது. அவன் "இது சரிக்கா" என்பான். அவள் "இல்ல தம்பி" என்பாள். பாண்டிதுரை குனிந்து பார்த்துவிட்டு, "மதினி சொல்லுததுதான் சரி" என்பார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் போயே போய்விட்டது. மூன்று பேரும் நகரவில்லை.

கடைசியில் ஓர் அட்டையைத் தகட்டின் மேல் வைத்தான். அட்டை எங்கே முடிகிறது, தகடு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

"அடி சக்கை!" என்று சூர்யபிரகாஷ் துள்ளினான்.

பாண்டிதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. "இதேதான் மதினி! அண்ணாச்சியே கலந்தாலும் இதுக்கு மேல வராது. இதப் பூசிக்கொண்டு போங்க. கொற சொல்ல ஒண்ணுமே இருக்காது."

மாரிக்கனி அட்டையைக் கண்ணருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் சந்தோஷம்தான். டப்பாவை சூர்யபிரகாஷ் பக்கம் தள்ளினாள்.

"இப்ப இதுல ஒரே ஒரு சொட்டு மஞ்சள விடு தம்பி."

"யக்கா! விட்டா கலரு கெட்டுப்போகும்!"

"கெடட்டும். கண்ட கலரக் காட்டினா பொம்மைன்னு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிடுதாவ, சரியா இருந்தா தலைய ஆட்டிட்டுச் சும்மா இருந்துருவாவ. ஒரு பொட்டு பிசகினாத்தான் அந்த மனுசனுக்குப் பொறுக்காது, வாயத் தொறந்து என்னைய ஏசியே தீருவாவ!"