மூன்று வரை

திரையில் அவனுடைய கல்யாணப் படம்.

அவன் கொடுத்ததுதான். ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு நாற்பது படங்கள் கொடுத்திருந்தான். முப்பத்தொன்பதில் தாரிணி டிரம்ஸுக்குப் பின்னால் வியர்த்து உட்கார்ந்திருந்தாள். ஒன்றில் மட்டும் மாலையும் பட்டுப்புடவையும்.

அந்த ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

"திருமணத்துக்காகத் தாரிணி 'கரிநாக்கு' இசைக்குழுவிலிருந்து விலகினார்," என்கிறது ஒரு கம்பீரமான குரல். "அதன் பிறகே அவர்களின் புகழ்பெற்ற முதல் ஆல்பம் பதிவானது."

ஒன்பது பாட்டுக்கும் அவள்தான் வாசித்தாள். பதிவு முடிந்ததும் அட்டையில் நாலு பையன்கள் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அவளை நீக்கிவிட்டதாகப் போனில் தகவல் போனது. அவனை, தன் கணவனை, அவள் சந்தித்ததே அதற்கு அடுத்த வருடம்.

குழுவின் பாடகன் திரையில் வந்தான். கறுப்புக் கண்ணாடி. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"தாரிணி தங்கமான பொண்ணுங்க. ஆனா டிரம்ஸா சமையலானு வந்தப்போ சாம்பார் ஜெயிச்சிருச்சு."

அரங்கு சிரித்தது.

அவளுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. சாம்பார் அவன் வைப்பது.

பின்வரிசையில் யாரோ முட்டை பஃப்ஸ் தின்றார்கள். வெங்காய வாடை.

அவள் இறந்து ஒன்பது மாதம்.

போன மாதம் படத்தின் முன்னோட்டம் பார்த்து ஒரு தவறைச் சொல்லிக் கடிதம் போட்டான். அவள் வாசிக்கும் காட்சியில் வருடம் தப்பு. அவர்கள் வருடத்தைத் திருத்தவில்லை. காட்சியை எடுத்துவிட்டார்கள். படத்தில் அவள் வாசிக்கிற காட்சி அது ஒன்றுதான்.

இயக்குநர் அவன் காதருகே குனிந்தார்.

"இப்ப வர்றது ஒரிஜினல் டேப் பிரதர். ஆல்பத்துல முன்னாடி கொஞ்சம் வெட்டிட்டாங்க. நாங்க முழுசாப் போட்டிருக்கோம்."

இருட்டு.

பிறகு ஒரு குரல்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

தாரிணி.

நான்கை அவள் வாயால் சொன்னதே இல்லை. அது குச்சி விழும் இடம்.

வீட்டில் கட்டிலை நகர்த்தும்போதும் மூன்றில் நிறுத்துவாள். அவன் அவசரப்பட்டுத் தூக்கிவிடுவான். "இன்னும் வரலடா, மக்கு," என்பாள். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போதும் எண்ணினாள். மூன்று வரை.

பாட்டு வெடித்தது. திரையில் வேறொருவன் தாடியை ஆட்டிக்கொண்டு வாசித்தான்.

அவன் சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பாடகன் முதல் வரிசையில் தொடையில் தாளம் போட்டான். அவனோடு மூன்று வருடம் மேடையேறியவள்.

ஒருவருக்கும் அவள் குரல் கேட்கவில்லை.

விளக்குகள் எரிந்தன. இயக்குநர் சம்மதப் படிவத்தை அவன் மடியில் வைத்தார். தோளில் கை போட்டார். கை ஈரமாக இருந்தது.

"எங்கயாவது தப்பு இருந்தா சொல்லுங்க பிரதர். உடனே வெட்டிரலாம்."

அவன் வாயைத் திறந்தான். சாம்பார். கல்யாணப் படம். தாடி. எல்லாம் தொண்டை வரை வந்தது.

விழுங்கினான்.

"ஒண்ணும் தொடாதீங்க," என்றான். "ஒரு செகண்டுகூட."

"சூப்பர் பிரதர்."

இயக்குநர் பேனாவைத் திறந்து கொடுத்தார்.

அவன் அதைத் தாளின் மேல் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று.

கையெழுத்துப் போட்டான்.