வலை பிடிக்க ஓர் ஆள்

"அந்த மெக்கானிக்கோட ஆத்தங்கரையில உக்காந்திருக்கியாமே! நாப்பத்தஞ்சு வயசுல இது என்ன கூத்து? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று காலையில் அண்ணன் கேட்டார். "பேசட்டும்ணே, அவங்களுக்கும் பொழுது போகணுமில்ல" என்றாள் தையல்காரி.

இப்போது அண்ணன் பாலத்துக் கம்பியில் சாய்ந்து கீழே கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் அவளையே முறைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் வேடிக்கை பார்க்க ஆட்கள் வேறு. அவள் நகரவில்லை. சாயங்கால வெயிலில் ஆறு புதுத் தகரமாக மின்னுகிறது. ரொட்டி உருண்டையைச் சுமந்த மிதவை இரண்டு முறை சிணுங்கிவிட்டு அமிழ்கிறது. வெடுக்கென்று இழுத்தால் மடவை மீனின் மெல்லிய உதடு கிழிந்துவிடும் என்பதால் மணிக்கட்டை மட்டும் திருப்புகிறாள். தூண்டில் கழி வில்லாக வளைகிறது. மெக்கானிக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கைவலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்குகிறார். "மெதுவா, டைலரம்மா! என் சட்டைக்குப் பொத்தான் தைக்கிற மாதிரி."

"வாரம் ஒரு பொத்தானை வேணும்னே பிச்சுட்டு வர்றீங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்!"

அவர் காது சிவக்கிறது. "போதும், கிளம்பி வீட்டுக்கு வா!" என்று மேலேயிருந்து அண்ணன் கத்துகிறார். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வெள்ளி விலா பளீரிட, மடவை வலைக்குள் வழுக்கி விழுகிறது. அவர் அதை இரு கையாலும் ஏந்திக்கொண்டு சிரிக்கிறார். இரண்டு வருடமாகத் தொண்டைவரை வந்து திரும்பிய வார்த்தையை இனியும் விழுங்குவதாயில்லை அவள். எழுந்து நின்று, பாலம் முழுக்கக் கேட்கும்படி கேட்கிறாள்:

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"